கைப்பட வளர்த்தது

வசந்தாமணியக்காவின் உள்ளங்கை ரேகைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு மாடித் தொட்டிகளில் இலை இலையாகத் துளிர்த்த அந்த ஐப்பசி மாதத்தில், ஈரோட்டில் அவர் வீட்டுப் பக்கத்து ரேஷன் கடை மெஷின் அவருடைய விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. மெஷினைக் குறை சொல்ல முடியாது. வைத்த விரலில் ரேகையே இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டுபோல மழமழவென்று இருந்தது. கடைக்காரர் துணியால் துடைத்து வைக்கச் சொன்னார், எச்சில் தொட்டு வைக்கச் சொன்னார், அடுத்த விரலை வைக்கச் சொன்னார், கடைசியில் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும், வீட்டுக்காரரை அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

நான் செல்வநாயகி. கரூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற திரைச்சீலைகளையும் மேசைவிரிப்புகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே நூல் இழுத்திருக்கிறது, எங்கே கறை பட்டிருக்கிறது என்று பழுது கண்டுபிடிப்பது என் வேலை. பத்து வருஷமாக அதையே செய்ததில் என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன், எவர் பேச்சையும் உதறிப் பார்க்காமல் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன். அப்படிப்பட்ட நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் வசந்தாமணியக்கா. அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது 'அடீனியம் அடிமைகள்' என்ற வாட்ஸ்அப் குழு. அடீனியம் என்பது தொட்டியில் வளர்க்கிற பாலைவன ரோஜா; அடியில் கிழங்குபோலப் பருத்து, மேலே குடை பிடித்த மாதிரி பூக்கும். அதன்மேல் பைத்தியம் பிடித்தவர்கள் தொள்ளாயிரம் பேர் அதில் இருந்தோம்: பல் டாக்டர், பஸ் கண்டக்டர், கோயில் ஓதுவார், கட்டிக்கொண்ட புருஷனோடு மூன்று வருஷமாகப் பேசாமல் எங்களோடு மட்டும் பேசுகிற ஒரு தலைமையாசிரியை. எல்லோரும் பூத்த செடியைப் படம் பிடித்துப் போட, வசந்தாமணியக்கா மட்டும் மாதக் கடைசியில் 'இந்த மாதம் செத்தவை' என்று தலைப்பிட்டு, தன்னிடம் அழுகிப்போனதையும் காய்ந்துபோனதையும் வரிசையாக வைத்துப் படமெடுத்து, எதில் தப்புச் செய்தேன் என்று எழுதுவார். செத்ததை மறைக்காதவர் வேறு எதை மறைக்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

குழுவில் எங்களுக்கு ஒரு வார்த்தை இருந்தது. விதை போட்டு, முளைக்க வைத்து, வேறு கை படாமல் வளர்த்த கன்றை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது 'கைப்பட வளர்த்தது' என்று எழுதுவோம். எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். இணையத்தில் கடை நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் குழுவுக்குள் நுழைந்து விளம்பரம் போட்டு, போட்ட மறு நிமிஷம் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களிடம் தள்ளுபடி இருந்தது, வீடியோ இருந்தது, இலவச டெலிவரி இருந்தது. அந்த வார்த்தை மட்டும் இல்லை.

'பச்சைவாசல்' என்ற இணையக் கடை வைத்திருந்த தரணிதரன் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். அவன் குழுவுக்குள் வரவே இல்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் வசந்தாமணியக்கா நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு நேராக வந்து, காய்ச்சல் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு, சட்டைக்கையை இறக்கிவிட்டபடியே விஷயத்துக்கு வந்தான். இதையெல்லாம் பிற்பாடு அக்காவே எங்களுக்குச் சொன்னார். எப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"விளம்பரத்த எவனுங்க்கா இன்னிக்கி நம்பறான்? நானே நம்பறதில்லீங்க. உங்க குழுவுல நீங்க ஒரு வரி எழுதுனீங்கன்னா அதோட மதிப்பே வேறீங்க" என்றான் தரணிதரன்.

"நான் வளக்காத செடியப் பத்தி நான் எப்பிடித் தம்பி எழுதறது?"

"நல்ல கன்னுதானுங்க்கா. ஒரு வருஷக் கன்னு, ஓசூருப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில எடுக்கறேன். ஒண்ணுகூடச் சோடை போகாது. கைப்படன்னு மட்டும் போட்டுருங்க. ஒரே ஒரு வார்த்தைதானுங்களே."

அவன் ரூபாயை எடுத்து நீட்டியிருந்தால் அக்கா விரட்டியிருப்பார். அவன் கொண்டுவந்தது ஒரு செடி. தாய்லாந்து ரகம், மூன்றடுக்குப் பூ, நிழலில் பார்த்தால் கறுப்பு, வெயிலில் பார்த்தால் ரத்தச் சிவப்பு; ஆறு வருஷமாக அக்கா படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய செடி. அதை மாடியில் வைத்து நாலு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்தாம் நாள் எழுதினார்: 'பச்சைவாசலில் உள்ள கன்றுகள் நான் கைப்பட வளர்த்தவை. நம்பி வாங்கலாம்.'

ஆறே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகளும் போய்விட்டன. நான் இரண்டு வாங்கினேன். ஆன்லைனில் செடி வாங்குவாயா, உனக்கென்ன மூளை கழன்றுவிட்டதா என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், வசந்தாமணியக்கா சொன்னால் விஷத்தையும் குடிப்பேன் என்று வாய்ச்சவடால் அடித்தேன். அதோடு விடாமல் செக்கிங்கில் என்னோடு இருக்கும் ஆறு பேரையும் வாங்க வைத்தேன். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. என்னைத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

ஐப்பசி மழை விட்டதும் கன்றுகள் புதுத் துளிர் விட்டன. சேலத்திலிருந்து ஒருவர் ஒரு இலையைக் கிட்டத்தில் படமெடுத்து, இது என்ன நோய் என்று கேட்டார். நோய் இல்லை. நடு நரம்பிலிருந்து இருபக்கமும் பிரிய வேண்டிய கோடுகள் அப்படிப் பிரியாமல், இரண்டு கோடுகள் குறுக்கே ஓட, மூன்றாவது ஒன்று கட்டைவிரலைச் சுற்றுகிற மாதிரி வளைந்து இறங்கியது. வளைந்த கோட்டின் நடுவே சாய்வாக ஒரு கீறல். சின்ன வயதில் அரிவாள்மணை கிழித்த அந்தத் தழும்பு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், ஏனென்றால் அக்கா எப்போதும் விதைகளைத் தன் வலது உள்ளங்கையில் வைத்துத்தான் படம் போடுவார். பத்து நிமிஷத்துக்குள் அது அக்காவின் உள்ளங்கை என்று கண்டுபிடித்துவிட்டோம்.

யாரும் திடுக்கிடவில்லை. 'பின்னே, கைப்படன்னா சும்மாவா' என்று ஒருவர் எழுத, அதற்கு எழுபது பேர் கைகூப்பினார்கள். மதுரைக்காரர் ஒருவர் அதற்கு 'ரேகை ரகம்' என்று பெயர் வைத்தார். ரேகைப் படங்கள் குவிந்து மற்ற பேச்சு நின்றுபோனதால், இனி புதன்கிழமை மட்டும்தான் ரேகை போட வேண்டும் என்று குழுவின் அட்மின் விதி கொண்டுவந்தார், விதியை மீறிய இருவரை ஒரு வாரம் நீக்கியும் வைத்தார். கோபிசெட்டிபாளையத்து ஜோசியர் ஒருவர் தன் செடியின் இலையைப் பார்த்து அக்காவின் எதிர்காலத்தைப் பலன் எழுதினார். திருப்பூரில் இன்னொருவர் தன் இலையில் ஆயுள் ரேகை குட்டையாக இருக்கிறது, வேறு கன்று மாற்றித் தர வேண்டும் என்று பச்சைவாசலுக்குப் புகார் அனுப்பினார். பட்டுக்கோட்டையில் ஒரு அம்மா செவ்வாய், வெள்ளியில் தொட்டிக்குப் பொட்டு வைத்தார். நான் காலையில் டீத் தம்ளரோடு மாடிக்குப் போய், எந்த இலை பெரிதோ அதன்மேல் என் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன். இலை வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இப்படிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஈரோட்டில் அக்கா பயந்துகொண்டிருந்தார். ரேகை போனதோடு நிற்கவில்லை. நிழலில் உட்கார்ந்திருக்கும்போதே வலது கை மட்டும் வெயிலில் கிடப்பதுபோலச் சுடும். ஈரோட்டில் மேகமே இல்லாத நாளில், எங்கேயோ பெய்த மழையில் விரல்கள் ஊறிச் சுருங்கும். ஒருநாள் காலை ஏழே முக்காலுக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவர், சுண்டுவிரலை யாரோ பல்லால் கவ்வி இழுத்தது மாதிரி அலறித் தட்டைத் தள்ளிவிட்டார். சுண்டுவிரல் நகம் தட்டில் கிடந்தது. அடுத்த நிமிஷம் தாராபுரத்திலிருந்து குழுவில் செய்தி வந்தது: 'ஆடு மேஞ்சிருச்சுங்க, ரெண்டு கிளை போச்சு.'

மேட்டூரில் ஒருவர் தண்ணீரை அதிகமாக ஊற்றி வேரை அழுகவிட்டபோது, அக்காவின் உள்ளங்கை ஓரத்தில் தோல் மெத்தென்று ஊறி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல்போலக் கழன்று வந்தது. கிளினிக் டாக்டர் சோப்பு சேரவில்லை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு போட்டும் கை நடுங்கியதால், ஊசி போடும் வேலையை எடுத்துவிட்டு அக்காவைச் சீட்டு எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். இருபத்தாறு வருஷம் ஊசி பிடித்த கை, பேனா பிடிக்கவும் திணறியது.

கல்லூரிப் பேருந்து ஓட்டுகிற அவர் கணவர் நாச்சிமுத்து ஒருநாள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, நெசத்தச் சொல்லு. அந்தக் கன்னுகள நீ தொட்டியா?"

"தொடலீங்க."

"ஒண்ணக்கூடவா?"

"கண்ணுலகூடப் பாக்கலீங்க."

"அப்பறம் கைப்படன்னு எழுதுனியே." நாச்சிமுத்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் கையி கெளம்பிப் போயிருக்குது. நீ குடுத்த வாக்க அதாச்சும் காப்பாத்தோணுமல்ல."

கிண்டலாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் வெளிறிவிட்டது. அக்கா மாடிக்குப் போய், கறுப்புப் பூச்செடியைத் தொட்டியோடு தூக்கிக் கொண்டுபோய்த் தரணிதரன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், எழுதியது எழுதியபடியே இருந்தது.

தை போய் மாசி பிறந்தது. எங்கள் குழுவில் மாசி முதல் ஞாயிற்றுக்கு மொட்டை ஞாயிறு என்று பெயர். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குத் தொள்ளாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கத்தரியை எடுத்து, அடீனியத்தின் கிளைகளை இரண்டு விரற்கடை மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிடுவோம். அப்படி வெட்டினால்தான் கோடையில் கிளை பெருகிப் பூக்கும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அக்காதான். 'இரக்கப்படாமல் வெட்டுங்கள்' என்று அவர் எழுதியதைத்தான் குழுவின் உச்சியில் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருந்தோம். ஒரு ஆடு இரண்டு கிளையைத் தின்றதற்கு ஒரு நகம் போயிருந்தது. முந்நூறு செடியை ஒரே மணிக்கு மொட்டையடித்தால் மணிக்கட்டுக்குக் கீழே என்ன மிஞ்சும் என்று அக்கா யோசித்தார், யோசித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மொட்டை ஞாயிற்றுக்கு முந்தைய திங்கட்கிழமை எழுதினார்: 'இந்த வருடம் ரேகை ரகத்துக்கு மொட்டை வேண்டாம்.' உடனே பிடித்துக்கொண்டோம். ஏன் வேண்டாம்? நீங்கள்தானே வெட்டாத செடி பூக்காது என்று சொன்னீர்கள்? உங்கள் போனை எவனாவது திருடிவிட்டானா? அட்மின் உஷாராகி, உண்மையான வசந்தாமணியக்காதானா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகும் சந்தேகம் தீரவில்லை. 'வெட்டினால் எனக்குக் கை வலிக்கும்' என்று புதன்கிழமை எழுதினார். அதை நாங்கள் பாசமாக எடுத்துக்கொண்டோம். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடும்போது வலிக்கத்தானே செய்யும் என்று நான்தான் எழுதினேன், அதற்கு நிறைய இதயம் விழுந்தது.

உண்மையைச் சொன்னால் ஆத்திரத்தில் வெட்டுவார்கள், சொல்லாவிட்டால் அன்போடு வெட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் அக்கா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்து, வியாழக்கிழமை மத்தியானம் பதினொரு நிமிஷம் ஓடுகிற ஒரு குரல்பதிவு அனுப்பினார்.

சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, என்னால் செடி வாங்கிய ஆறு பேரும் சுற்றியிருக்க, அதை நான் கேட்டேன். தரணிதரன் வந்தது, கறுப்புப் பூ, ரேஷன் மெஷின், ஆடு, நாச்சிமுத்து சொன்னது எல்லாம் அதில் இருந்தது. "எழுதறப்ப என் கை நடுங்கவே இல்லீங்க. இப்ப அத நெனச்சாத்தான் கொல நடுங்குது" என்று ஒரு இடத்தில் சொன்னார். கடைசியில் குரல் உடைந்துபோனது. "நான் பொய் சொல்லீட்டேன். என்னைய நம்பாதீங்க. ஆனா வெட்டாதீங்க. உங்கள நம்பித்தான் கெடக்கறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் எதிரில் இருந்த பெண் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நாங்க அந்தக்காவையா நம்புனோம்? உன்னையத்தான நம்புனோம்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து வருஷமாக ஒரு நூல் பிசகைக்கூட விடாத நான், இவ்வளவு பெரிய ஓட்டையைப் பார்க்காமல் பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன். அன்று சாயங்காலமே குழுவைவிட்டு வெளியேறினேன். என்னைப்போல அறுபது பேர் வெளியேறினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உள்ளே இருந்தவர்கள் சண்டை போட்டார்களாம். தொடவே இல்லை என்றால் ரேகை எப்படி வந்தது, அக்கா தன்னடக்கத்தில் பொய் சொல்கிறார் என்று ஒரு கூட்டம். ரேகையே ஏதோ மருந்து அடித்துச் செய்த மோசடி என்று ஒரு கூட்டம். குரல்பதிவு எப்படியோ தன் காதுக்கும் எட்டியதில் பயந்துபோன தரணிதரன் கடையை மூடிவிட்டு, விலாசப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஈரோடு, பவானி, பெருந்துறை என்று வீடு வீடாகப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முப்பது செடியைத் தன் காரில் திரும்ப வாங்கி வந்தான். சனிக்கிழமை எனக்கும் அவன் போன் வந்தது.

"அக்கா, பச்சைவாசல்லருந்து பேசறேனுங்க. தயவுபண்ணி அந்தச் செடிய..."

"இன்னும் என்னடா விக்கறதுக்கு மிச்சம் இருக்குது?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கத்தரியோடு மாடிக்குப் போனேன். வழக்கப்படி போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வழக்கப்படி போகவில்லை, பழிவாங்கப் போனேன். இரண்டு தொட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இலைகளெல்லாம் என்னைப் பார்த்து விரிந்து, கை தரமாட்டாயா என்று கேட்கிற மாதிரி இருந்தன. முதல் கிளையைப் பிடித்து வெட்டினேன். வெட்டியது தரையில் விழுவதற்குள் இரண்டாவதையும் வெட்டிவிட்டேன்.

அடீனியத்தை வெட்டினால் பால் வரும். இதில் பால் வரவில்லை. சிவப்பாக ஊறி, துளியாகத் திரண்டு, தண்டு வழியாக இறங்கித் தொட்டி மண்ணில் சொட்டியது. கீழே விழுந்த கிளையில் இருந்த இலைகள் ஐந்தும் மெல்ல மெல்ல உள்பக்கமாக மடங்கின. கை மூடிக்கொள்வதுபோல மூடிக்கொண்டன. கத்தரி எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியாது.

ஈரோட்டுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை முழுதாக அடித்து நின்றது. நாலாவது தடவை எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் கரூர் செல்வநாயகி. வெட்டிட்டேன்க்கா. ரெண்டு கிளை. ரத்தமா வருதுக்கா."

பின்னால் நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. "இன்னொரு துண்டு எடுத்தாறேன், அழுத்திப் புடி அம்மிணி, உட்றாத, அழுத்திப் புடி."

"வலிக்குதாக்கா?"

"இல்ல கண்ணு," என்றார் அக்கா. குரல் ஒரு இம்மிகூட ஆடவில்லை. "வலியே இல்ல. நீ அழுவாத. மொதல்ல வெட்டுன எடத்துல மஞ்சத்தூள நல்லா அப்பி உடு. செடி பொழச்சுக்கும்."

பொய் என்று எனக்குத் தெரிந்தது. நாச்சிமுத்து விம்முவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. "சரிங்க்கா" என்று சொல்லி, அதை அப்படியே நம்பிக்கொண்டு, மஞ்சள் தூள் எடுக்கப் படியிறங்கி ஓடினேன்.